தூங்கி எழுந்தாலும் இறங்காத போதை

ஆசிரியருக்கு,

எண்ணூர் விரைவுச் சாலையில் விடியற்காலை கன்டெய்னர் லாரி எடுப்பவர்களில் சிலர், "ராத்திரிதானே குடிச்சேன்" என்று நம்பி ஸ்டியரிங் பிடிக்கிறார்கள். தூக்கம் போதையை இறக்காது. ஒரு குவார்ட்டர், அதாவது 180 மி.லி. பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் அது 100 மி.லி.க்கு 120 மி.கி. வரை ஏறலாம். ஈரல் மணிக்கு ஏறக்குறைய 15 மி.கி.தான் குறைக்கும், சட்ட வரம்பான 30-க்கு இறங்கவே 6 மணி நேரம் பிடிக்கும். டீ, மோர், தலைக்குக் குளியல் எதுவும் இதை விரைவுபடுத்தாது.

40 கி.மீ. வேகத்தில் பிரேக்கை அரை விநாடி தாமதித்து மிதித்தால் வண்டி ஐந்தரை மீட்டர் கூடுதலாக ஓடும். காசிமேட்டிலிருந்து மீன்கூடையோடு முன்னால் போகும் மொபெட் அந்த ஐந்தரை மீட்டருக்குள்தான் இருக்கிறது. யார்டு வாசலிலேயே, சாவி கொடுக்கும்முன், ஊதிப் பார்க்கும் கருவியை நீட்டுங்கள்.

— வாசகர், திருவொற்றியூர்