ஏனாஞ்சாங்கை மூடுவதற்கு முன் ஒரு தடவை பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு வாசகர், பர்மாவின் ஏனாஞ்சாங், சௌக் எல்லாம் நூறு வருஷத்துக்கு மேல் உறிஞ்சிய எண்ணெய் வயல்கள், இனி அங்கே காசு போடுவது வீண் என்று எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, தரைக்குள் அதிர்வு அனுப்பி அடிப்பாறையைப் படம் பிடிக்கிற முப்பரிமாண சீஸ்மிக் சர்வே ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

என் தாத்தா ரங்கூன் பக்கத்துச் சிரியம் எண்ணெய் ஆலையில் கூலி வேலை பார்த்தவர். 1942இல் ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ்காரர்களே அந்த ஆலையைக் கொளுத்தியபோது எழுந்த புகை ரங்கூன் வரை தெரிந்ததாம், பாட்டி சொல்வார். சரி, அது வேறு கதை. அந்த ஆலைக்கு எண்ணெய் அனுப்பிய ஏனாஞ்சாங்கில் எண்ணெய் தானாகவே மேலே கசிந்தது, பர்மாக்காரர்கள் கையால் கிணறு தோண்டி இறங்கி அள்ளினார்கள், 1886இல் தொடங்கிய பர்மா ஆயில் கம்பெனி அதே பூமியில் இயந்திரம் வைத்துத் துளைத்தது. கசிவும் மேலே தெரிந்த பாறை மடிப்பும்தான் வழிகாட்டி. அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

அப்புறம் வந்த சீஸ்மிக் சர்வே கோடு கோடாக எடுப்பது. பலாப்பழத்தை இரண்டு இடத்தில் கீறிவிட்டுச் சுளைக் கணக்குச் சொல்கிற மாதிரி! இப்போதைய முப்பரிமாண சர்வேயில் வயல் முழுக்க ஜியோபோன் என்கிற அதிர்வு பதியும் கருவிகளைப் பரப்பி, சின்ன வெடியாலோ அதிரும் லாரியாலோ தரையைத் தட்டி, ஒவ்வொரு அடுக்கிலும் மோதித் திரும்பும் அதிர்வு எத்தனை நேரத்தில் வருகிறது என்று அளக்கிறார்கள். பாறை எங்கே உடைந்து விலகியிருக்கிறது என்பது அதில் தெரியும், அந்தப் பிளவுக்கு மறுபக்கம் பழைய கிணறுகள் தொடாத மணற்கல்லில் எண்ணெய் நின்றுபோயிருக்கலாம். உலகத்தில் சராசரியாக ஒரு வயலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மேலே வருகிறது, மீதி அடியிலேயே கிடக்கிறது என்பதையும் அந்த வாசகர் யோசிக்க வேண்டும்.

இதை மந்திரக்கோல் என்று நினைக்க வேண்டாம். சீஸ்மிக் பாறையின் வடிவத்தைக் காட்டுமே தவிர எண்ணெய் இருக்கிறது என்று சத்தியம் செய்யாது, கடைசியில் துளை போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் புது இடத்தில் இல்லாத ஒரு வசதி பழைய வயலில் உண்டு: நூற்றுக்கணக்கான கிணறுகளில் எந்த ஆழத்தில் எந்தப் பாறை என்ற பழைய குறிப்புகள். அதோடு ஒத்துப் பார்த்தால் படம் பொய் சொல்வது குறையும். அந்தக் காகிதங்களைக் கரையான் அரிக்காமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொன்று. பழைய வயல் என்றால் மேலே வீடு, தோட்டம், மண் மூடிய கைக்கிணறு எல்லாம் இருக்கும். பம்பு ஓடுகிற அதிர்வே பதிவைக் கெடுக்கும், அதனால் பதிவு நேரத்தில் பம்பை நிறுத்த வேண்டும். வெடிக்குழி போடுவதற்கு முன் கைவிட்ட கிணறுகளைத் தேடிக் குறித்து, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் தேதியோடு சொல்லி, சுவரில் ஏற்கெனவே இருக்கிற விரிசலைப் படம் எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர், சிரியம்