காருக்குள் ஆளே இல்லை!

ஆசிரியருக்கு,

இருண்ட எதிர்காலத்தைச் சொல்லும் சிறுகதைகள் இளைஞர்களிடம் அவநம்பிக்கையை வளர்க்கின்றன என்று பலர் சொல்லக் கேட்கிறேன். பாடத்துக்காகப் படிக்க ஆரம்பித்து, தேர்வு முடிந்த பிறகும் அவற்றை விடாமல் படிக்கும் மாணவி நான். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ரே பிராட்பரி எழுதி 1951-இல் வெளிவந்த ‘பாதசாரி’ கதையில் ஒருவர் இரவில் தனியாக நடக்கிறார். அவ்வளவுதான் குற்றம். ஊரே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறது. போலீஸ் கார் வழிமறித்து என்ன தொழில் என்று கேட்க, எழுத்தாளர் என்கிறார். தொழில் இல்லை என்று முடிவுகட்டுகிறது கார். உள்ளே எட்டிப் பார்த்தால் ஆளே இல்லை! அவரை ஏற்றிக்கொண்டு போகும் வழியில், இருண்ட வீடுகளுக்கு நடுவே ஒரே ஒரு வீட்டில் மட்டும் எல்லா விளக்குகளும் எரிகின்றன. அது அவருடைய வீடு. இந்த இடத்தை மூன்று முறை படித்தேன்.

இ. எம். பார்ஸ்டரின் ‘இயந்திரம் நிற்கிறது’ இன்னும் பழையது, 1909. அதில் திரையில்தான் பார்க்கிறேனே என்கிறாள் அம்மா. நேரில் வா என்கிறான் மகன்.

நாவல் என்றால் அந்த உலகத்தின் சட்டதிட்டங்களை விளக்கவே பல பக்கங்கள் போய்விடும் (எனக்குப் பொறுமையும் குறைவு). சிறுகதை பாதியைச் சொல்லாமல் விடுகிறது. மீதியை நாமே நிரப்பும்போதுதான் பயம் வருகிறது.

சரி, எல்லாக் கதையும் தேறுமா? தேறாது. கடைசி வரியில் திடுக்கிட வைப்பதற்கென்றே எழுதியவை மறுநாளே மறந்துபோகின்றன. ஆனால் ‘பாதசாரி’யைப் படித்த அன்று போனை வைத்துவிட்டு நடக்கக் கிளம்பினேன். இதில் அவநம்பிக்கை எங்கே?

இப்படிக்கு,
ஒரு கல்லூரி மாணவி