சென்டோ பற்றி செல்வத்துக்கு

பர்மிங்காம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். மகள் லீட்ஸில் படிக்கப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

நீ கேட்டிருந்த சென்டோ எக்ஸ் என்ற பழைய போன் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒரு பெரியவர் பழைய சார்ஜர் குவியலுக்கு நடுவே போட்டு வைத்திருந்தார். கையில் எடுத்ததுமே, "இது நம்ம ஊர் போன், தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டார். பேட்டரி உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தனுப்புவேன்; நீ வேறு ஏதாவது செல்லை ஒட்டவைத்து உயிர் கொடுத்துக்கொள். ஜாய்ஸ்டிக் தேய்ந்து வழுவழுத்துவிட்டது. ஸ்கிரீனில் கீறல் இல்லை.

ஆனால் நீ எழுதியிருந்த ஒரு வரியோடு எனக்குச் சண்டை இருக்கிறது. "மைக்ரோசாஃப்ட் சின்னக் கம்பெனியின் போனைத் திருடித் தைவான்காரனிடம் கொடுத்தது, அவ்வளவுதான் கதை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாய். ரிச்சி தெருவில் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்களா?

நடந்தது இது. சென்டோ 1999-இல் ஹியூ ப்ரோகன் தலைமையில் இந்த ஊரில் தொடங்கிய கம்பெனி. நெட்வொர்க் கம்பெனிகள் தங்கள் பெயரில் விற்றுக்கொள்கிற மாதிரி போன் செய்து கொடுப்பதுதான் அவர்கள் யோசனை. அந்தச் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் போனுக்குள் நுழைய வழி தேடிக்கொண்டிருந்தது. பெரிய வீட்டுக் கதவெல்லாம் சாத்தியாகிவிட்டது. நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா எல்லாம் 1998-லேயே இங்கிலாந்தின் சயான் கம்பெனியோடு சேர்ந்து, போனுக்கான மென்பொருள் செய்ய சிம்பியனை ஆரம்பித்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது போல போனிலும் நடந்துவிடக்கூடாது என்ற பயம் அவர்களுக்கு. ஆகவே மைக்ரோசாஃப்டுக்கு ஒரு சின்ன ஆள் வேண்டியிருந்தது. சின்ன ஆளுக்கோ ஒரு பெரிய பெயர் வேண்டியிருந்தது.

2001-இல் சென்டோ இசட்100 அறிவிப்பு வந்தது. மைக்ரோசாஃப்டின் 'ஸ்டிங்கர்' மென்பொருளில் ஓடும் கலர் ஸ்கிரீன் போன். டச் கிடையாது, எண் பட்டன்கள்தான். அதே வருடம் மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 20 லட்சம் டாலர் போட்டு 10 விழுக்காட்டுக்கும் குறைவான பங்கு வாங்கி, இயக்குநர் குழுவிலும் ஓர் இடம் பிடித்துக்கொண்டது. பிறகு தேதி தள்ளித் தள்ளிப் போனது. 2002 கடைசியில் ஆரஞ்ச் என்ற நெட்வொர்க் கம்பெனி இங்கே எஸ்பிவி என்ற போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே மென்பொருள், செய்து கொடுத்தது தைவானின் எச்டிசி. அந்த நவம்பரில், இசட்100 கடைக்கு வரவேண்டிய நேரத்தில், சென்டோ அதைத் தலைமுழுகிவிட்டு நோக்கியாவின் சீரிஸ் 60 மென்பொருள் பக்கம் போய்விட்டது. நோக்கியா சோர்ஸ் கோடும், அதாவது மென்பொருளை எழுதிய மூல வரிகளையும், தருகிறது என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். டிசம்பரில் டெக்ஸாஸ் நீதிமன்றத்தில் மைக்ரோசாஃப்ட் மீது சென்டோ வழக்கு.

அந்த மனுவில் இருக்கும் ஒரு ஷரத்தைத்தான் நீ கவனிக்கவேண்டும். சென்டோ திவாலானால், இசட்100-ஐச் செய்யும் உரிமை ராயல்டி இல்லாமல் மைக்ரோசாஃப்டுக்குப் போய்விடும். அதற்காகவே தங்களை வேண்டுமென்று திவாலை நோக்கித் தள்ளினார்கள், தொழில் ரகசியங்களை எடுத்து எச்டிசியிடம் கொடுத்தார்கள் என்பது சென்டோவின் குற்றச்சாட்டு. மைக்ரோசாஃப்ட் அத்தனையையும் மறுத்தது. சொன்ன நேரத்துக்குப் போன் தராதது நீங்கள்தான் என்று 2003-இல் எதிர்வழக்கும் போட்டது.

எனக்கு அந்த ஷரத்து மட்டும் பெரிய அநியாயமாகத் தெரியவில்லை. பணம் போடுகிறவன் யாரும் கேட்பான்: நாளைக்கு நீ படுத்துவிட்டால் நான் போட்டதெல்லாம் போய்விடக்கூடாது, வேலையை வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்கிறேன் என்று. கோளாறு எங்கே என்றால், சென்டோ படுத்தால் லாபம் பெறப்போகிறவரே உள்ளே பங்குதாரராகவும் இருக்கிறார். இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார். போன் எப்போது வெளிவரும் என்பதும் அவர் தரும் மென்பொருளைப் பொறுத்தது. இந்த மூன்றும் ஒரே கையில் இருந்தால் அந்தக் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சந்தேகம் வரத்தான் செய்யும். சென்டோக்காரர்கள் இதையெல்லாம் படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டிருப்பார்கள்? அப்போது அந்தப் பெயர் கிடைத்தாலே போதும் என்றிருந்திருக்கும்.

இன்னொன்று. எச்டிசி ஒன்றும் தெரியாத ஆள் இல்லை. காம்பேக் கம்பெனிக்கு ஐபேக்கைச் செய்து கொடுத்தவர்கள் அவர்கள்தான், அதிலும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்தான். சென்டோ என்று ஒன்று இல்லாவிட்டாலும் எஸ்பிவி வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம், ஏனென்றால் ஐபேக் கையடக்கக் கம்ப்யூட்டர்தான். ரேடியோ பகுதியும் நெட்வொர்க் கம்பெனிகளோடு மல்லுக்கட்டுவதும் வேறு வித்தை. அந்த வித்தை சென்டோவிடம் இருந்தது. அது கைமாறியதா இல்லையா என்பதை எந்த நீதிபதியும் சொல்லவில்லை. 2004 செப்டம்பரில் சமரசமாகிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் தன் பங்குகளைத் திருப்பிக் கொடுத்தது, மற்ற விவரங்கள் ரகசியம். அதனால்தான் 'திருட்டு' என்று நீ அடித்துச் சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை. நியாயம் உன் பக்கம்கூட இருக்கலாம், தீர்ப்புதான் இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். சென்டோ எக்ஸ் வந்து சேர 2004 ஆகிவிட்டது. 2005 ஜூனில் கம்பெனி நொடித்து, இன்ஜினியர்களையும் காப்புரிமைகளையும் மோட்டரோலா எடுத்துக்கொண்டது. சென்டோ யாரிடம் ஓடிப்போய் அடைக்கலம் கேட்டதோ, அந்த நோக்கியாவே 2011-இல் மைக்ரோசாஃப்டோடு கைகோத்தது. அதிலும் கடைசியில் 2015-இல் மைக்ரோசாஃப்ட் 760 கோடி டாலரை நஷ்டக்கணக்கில் எழுதியது. எச்டிசி மட்டும் கொஞ்ச காலம் கொடிகட்டிப் பறந்தது, முதல் ஆண்ட்ராய்டு போனே அவர்கள் செய்ததுதான். பிறகு 2017-இல் அவர்களும் தங்கள் ஆட்களில் ஒரு பகுதியை கூகுளுக்கு 110 கோடி டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும். சென்டோ ஆரஞ்ச் மீதும் ஒரு காப்புரிமை வழக்குப் போட்டது, எஸ்பிவியின் சர்க்யூட் போர்டு தங்கள் கண்டுபிடிப்பைப் பயன்படுத்துகிறது என்று. உன் கண்ணாடி அலமாரியில் ஒரு எஸ்பிவி இருப்பதாகப் போன வருடம் சொன்னாய். இந்த எக்ஸ் வந்ததும் இரண்டின் போர்டையும் பக்கத்தில் வைத்துப் பார். ரேடியோ பகுதியில் ஷீல்டு மூடியை ஹாட் ஏர் வைத்துத் தூக்கினால் உனக்குப் புரிந்துவிடும். எக்ஸ் வேறு தலைமுறை, அதனால் நேரடி ஒப்பீடு ஆகாது, தெரியும். ஆனாலும் ஒரே ஆள் கைவேலை என்றால் உன் கண்ணுக்குத் தப்பாது. படம் எடுத்து அனுப்பு.

போன் என் மச்சான் கையில் வருகிறது. பொங்கலுக்கு முன்னால் சென்னை வந்துவிடுவான், கடைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். அவனிடம் காசு கொடுக்காதே, வாங்கிவிடுவான்.

அன்புடன்,
ரவி