காட்டுப்பன்றி வேட்டையில் நாய்க்குட்டிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, கடலாடிப் பக்கம் சீமைக்கருவேல மரங்கள் மண்டியபின், பகலெல்லாம் அப்புதருக்குள் படுத்துக்கிடந்து இரவில் நிலக்கடலைக் கொல்லையைக் கிளறிப்போடும் காட்டுப்பன்றிகளால் நாங்கள் படும் பாடு சொல்லி மாளாது. (நானும் இரண்டு குறுக்கம் நிலத்துக் கடலையைப் பறிகொடுத்தவன்தான்.) ஆயினும், இதைச் சாக்காக வைத்துச் சில இளைஞர்கள், பழக்குகிறோம் என்று சொல்லி, ஒரு வயதுகூட நிரம்பாத சிப்பிப்பாறை, கோம்பை இன நாய்க்குட்டிகளைப் புதருக்குள் ஏவிவிடுவதை ஏற்க முடியவில்லை.

எலும்பு முற்றாத குட்டிக்கு எப்போது விலகுவது என்று தெரியாது. ஆண் பன்றியோ தலையைத் தாழ்த்தி ஒரே வீச்சில் கோரைப்பல்லால் மேல்நோக்கிக் கிழித்துவிடும். சென்ற மாதம் எங்கள் கண்மாய்க் கரையில், தொடை பிளந்து, காயத்தில் மணலும் கருவேல முள்ளும் அப்பிய ஒரு குட்டி, வலியிலும் வாலை ஆட்டியபடி கிடந்தது. ஏவியவர்கள் எவரும் திரும்பி வரவில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கொல்வதை மட்டுமன்றித் துரத்துவதையும் அதற்கான முயற்சியையும் வேட்டை என்றே கொள்கிறது. வனத்துறையினர் இரவு ரோந்தைக் கூட்டுவதோடு, பயிர்ச்சேத மனுக்களையும் காலதாமதமின்றிப் பரிசீலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கடலாடி வட்டார விவசாயி ஒருவர்