கெட்டது வலது பேரிங், மாற்றியது இடது

அனுப்புநர்
வயலின் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்
மேலாளர், சர்வீஸ் பிரிவு,
கார் விற்பனை மற்றும் சர்வீஸ் நிலையம்,
புதுச்சேரி.

நாள்: 10.11.2025

பொருள்: காரின் பின்சக்கரச் சத்தத்துக்குக் காரணம் கண்டுபிடிக்காமலேயே 15,410 ரூபாய் வாங்கியதும், பிறகு உத்தரவாதம் செல்லாது என்று எழுதிக் கொடுத்ததும் தொடர்பாக.

ஐயா,

2021 மார்ச்சில் உங்களிடம் வாங்கிய கார். 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு சர்வீஸ்கூட வெளியே விட்டதில்லை. பணம் கட்டி நீட்டித்த ஐந்தாண்டு உத்தரவாதம் 2026 மார்ச் வரை இருக்கிறது.

கடந்த ஜூலையில் பின்னாலிருந்து ஒரு ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. வேகம் 50-ஐத் தாண்டினால் எழும்பும், 80-இல் பின்சீட்டில் இருப்பவர் பேசுவது முன்னால் கேட்காது. ஆகஸ்ட் 4 அன்று உங்களிடம் கொண்டுவந்தேன். உங்கள் சர்வீஸ் அட்வைசர் வண்டியை அடுத்த சிக்னல் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பாண்டிச்சேரியில் காலை பத்து மணிக்கு அடுத்த சிக்னல் வரை என்ன வேகத்தில் போக முடியும் என்று உங்களுக்கே தெரியும். இறங்கியதும், "சத்தமே இல்லையே மேடம், நீங்க மியூசிக் டீச்சர் இல்லையா, உங்க காதுக்குத்தான் கேக்குது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அதே வாயால், "பின் டயர் ரெண்டும் தேஞ்சிருக்கு, எதுக்கும் மாத்திடுங்க" என்றார். இல்லாத சத்தத்துக்கு எதற்கு டயர் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அது என் தப்பு.

இரண்டு டயர் 9,400 ரூபாய். நான்கு சக்கர அலைன்மென்ட், பேலன்சிங் என்று 1,150. என் காரின் பின் ஆக்சில் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்திரமாக வருவது. சக்கரங்களின் கோணத்தை அளக்கலாமே தவிர, திருகிச் சரிசெய்ய அதில் எந்த அமைப்பும் இல்லை. பில்லில் மட்டும் 'சரிசெய்யப்பட்டது' என்று இருக்கிறது. கழற்றிய டயர்கள் எங்கே என்று கேட்டதற்கு, ஏற்கெனவே எடுத்துப் போய்விட்டார்கள் என்று பதில் வந்தது.

அன்று மாலையே தவளக்குப்பம் தாண்டியதும் அதே ரீங்காரம், அதே அளவில். டயர்தான் காரணமா என்று பார்க்கப் புது டயரே தேவையில்லை. முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டினால் போதும். சத்தம் டயரோடு முன்னால் வந்தால் டயர், பின்னாலேயே நின்றால் சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங். அரை மணி நேர வேலை.

செப்டம்பர் 15-இல் மறுபடி வந்தேன். இந்த முறை அட்வைசர், "பேரிங்காதான் இருக்கும். எந்தப் பக்கம் மேடம் கேக்குது?" என்றார். இடப்பக்கம் போலிருக்கிறது என்று சொன்னேன். சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பல்வலிக்காரர் காட்டிய பல்லைத் தட்டிப் பார்க்காமல் பிடுங்குகிற டாக்டர் உண்டா? காருக்குள் சத்தம் எங்கெங்கோ மோதித் திரும்பி வரும். உட்கார்ந்திருப்பவர் சொல்லும் திசையை நம்பக்கூடாது என்பது பட்டறையில் இருப்பவர்களுக்குத்தானே தெரிந்திருக்க வேண்டும்? இடது பின்சக்கர பேரிங் மாற்றினீர்கள். கூலியோடு 4,860 ரூபாய். வீடு வந்து சேர்வதற்குள் பிரேக் சம்பந்தப்பட்ட ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மறுநாள் திரும்ப வந்தபோது சென்சார் வயர் சரியாகச் செருகப்படவில்லை என்று சரிசெய்து கொடுத்தீர்கள். அதற்குப் பணம் வாங்கவில்லை, நன்றி. ரீங்காரம் மட்டும் போகவில்லை.

அதன் பிறகுதான் நானே உட்கார்ந்து கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திண்டிவனம் சாலையில் வீட்டுக்காரர் ஓட்ட, நான் பின்சீட்டில் சுருதி ஆப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 60-இல் வந்த ஒலியை ஆதார சட்ஜமாக வைத்துக்கொண்டேன். 80-க்குப் போனதும் சுத்த மத்திமம். 90-இல் அப்பட்டமான பஞ்சமம். 60-க்கு 90 ஒன்றரை மடங்கு, சட்ஜத்துக்குப் பஞ்சமமும் ஒன்றரை மடங்கு. கியரை மாற்றினாலும் ஸ்வரம் மாறவில்லை. நியூட்ரலில் போட்டு உருள விட்டபோதும் மாறவில்லை. ஆகவே அது இன்ஜினும் இல்லை, கியர்பாக்ஸும் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று. என் காதைக் கேலி செய்த அட்வைசரிடம் இதையும் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் செம்மண்டலத்தில் மரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் அடுத்த வாரம் காட்டினேன். அவர் முதலில் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு ஆளில்லாத நேரான சாலைக்குப் போய், 70-இல் ஸ்டியரிங்கை மெதுவாக இடதும் வலதுமாக அசைத்தார். இடப்பக்கம் வளைத்தால் ரீங்காரம் ஓங்கியது, வலப்பக்கம் வளைத்தால் அடங்கியது. "கேட்டீங்களா டீச்சர், வலது பேரிங் கத்துது" என்றார். இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலது சக்கரத்தில் சாயும். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். பாரம் ஏறும்போது கெட்ட பேரிங் கூடுதலாகக் கத்துகிறது.

திரும்பி வந்து ஜாக்கி போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இன்னொரு கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைக்கச் சொன்னார். நீங்கள் மாற்றிய இடது பக்கத்தில் ஸ்பிரிங் அமைதியாக இருந்தது. வலது பக்கத்தில் கையை வைத்ததும் திரிகையில் ரவை அரைபடுவதுபோல ஒரு நறநறப்பு உள்ளங்கைக்கு ஏறியது. மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இன்னும் வரவில்லை. "ஆட்டம் வர்ற வரைக்கும் விடாதீங்க, பேரிங் மாத்துற வரைக்கும் 60-க்கு மேல போகாதீங்க" என்றார். மொத்தம் இருபது நிமிடம். காசு வாங்கவில்லை. உத்தரவாதம் இருக்கும்போது தான் கழற்றினால் நாளைக்கு நீங்கள் என்னைக் குறை சொல்வீர்கள் என்று கைவைக்கவும் மறுத்துவிட்டார்.

அவர் பயந்தது வேறு வழியில் நடந்தது. அக்டோபர் 27 அன்று மூன்றாம் முறை வந்து, வலது பேரிங்கை உத்தரவாதத்தில் மாற்றித் தரும்படி கேட்டேன். ஜாப் கார்டில் 'தண்ணீர் புகுந்த வாகனம், உத்தரவாதம் பொருந்தாது' என்று எழுதிக் கொடுத்தீர்கள். சக்கரத்தைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. எப்படித் தெரியும் என்றால், "கடலூர் வண்டிதானே மேடம், ஃபெஞ்சல்ல நின்னிருக்கும்" என்கிறார் அட்வைசர்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்கடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெண்ணையாற்றில் வந்து கடலூரில் புகுந்தது. எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது, உண்மை. ஆனால் என் கார் அங்கே இல்லை. முன்பம்பர் பெயின்ட் வேலைக்காக நவம்பர் 27 அன்று உங்களிடம் விட்டு, டிசம்பர் 6 அன்றுதான் திரும்ப எடுத்தேன். அதற்கான உங்கள் ஜாப் கார்டும் பில்லும் என்னிடம் இருக்கின்றன. பேரிங்கில் தண்ணீர் புகுந்தால் கிரீஸ் கெட்டு, துருப்பிடித்து, பிறகு இப்படித்தான் ஊளையிடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய புதுச்சேரியில், உங்கள் வளாகத்தில் நின்ற வண்டி அது. தண்ணீர் புகுந்தது என்று எழுதினால், எங்கே புகுந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

உத்தரவாதப் புத்தகத்தின் விலக்குப் பட்டியலை வரிவரியாகப் படித்துவிட்டேன். பிரேக் ஷூ, வைப்பர், பல்பு, டயர் எல்லாம் இருக்கின்றன. வீல் பேரிங் இல்லை.

நான் கேட்பது இதுதான். வலது பின்சக்கர பேரிங்கை உத்தரவாதத்தில் மாற்றித் தாருங்கள். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் என்னை உட்காரவைத்துக்கொண்டு 80 வேகத்தில் ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய பேரிங்கை என் கையில் கொடுங்கள். தேவையில்லாமல் மாற்றிய இடது பேரிங்குக்கான 4,860 ரூபாயையும், செய்யாத வேலைக்கு வாங்கிய 1,150 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். டயர் பணத்தைக் கேட்கவில்லை. என்றைக்கானாலும் மாற்ற வேண்டியவைதான், நல்ல டயர்களாகவும் இருக்கின்றன. ஜாப் கார்டில் எழுதிய 'தண்ணீர் புகுந்த வாகனம்' என்ற வரியை எழுத்துமூலமாக நீக்க வேண்டும். நாளைக்கு வண்டியை விற்கும்போது அந்த ஒரு வரி என் கழுத்தைப் பிடிக்கும்.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால், இந்த முறை பயணம் உங்களுக்கு. மூன்று பில்கள், நான்கு ஜாப் கார்டுகள், உத்தரவாதப் புத்தகத்தின் அந்தப் பக்கம் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். 60, 80, 90 வேகங்களில் பதிவு செய்த ஒலியைத் தனியாக மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். ஹெட்போன் போட்டுக் கேட்கவும்.

செவ்வாய், வியாழன் மாலைகளில் வகுப்பு இருக்கும். மற்ற நேரங்களில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். வண்டியைக் கொண்டுவரும் நாளை இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் நல்லது. 60-க்கு மேல் போகாமல் வந்து சேர எனக்கு நேரம் பிடிக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்