வசனத்தை வெட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சித் தொடர்கள் ஒரு தரப்பு அரசியலையே போதிக்கின்றன, வசனங்களுக்குத் தணிக்கை வேண்டும் என்று போன வாரம் இதே பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தொடர்களுக்குப் பின்னணிக் குரல் கொடுத்துப் பிழைப்பவள் நான். அவர் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அவர் தேடுகிற இடத்தில் சரக்கு இல்லை.

ஒரு தொடரில், விவாகரத்து ஆகிப் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண்ணுக்கு நான் பேசினேன். சொத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். தாளில் படித்தால் அத்தனையும் நியாயமான பேச்சு. முதல் டேக்கில் அப்படியே இயல்பாகப் பேசினேன். "கொஞ்சம் திமிர் வேணும் மேடம்" என்றார் டைரக்டர். வாக்கியம் முடிகிற இடத்தில் மூக்கால் ஒரு சிரிப்பைச் சேர்த்தேன், ஓகே ஆகிவிட்டது. ஒளிபரப்பில் பார்த்தால் அவள் பேசும்போது பின்னணி இசையில் உறுமல், வாய் திறக்காமல் நிற்கும் அண்ணனுக்குப் புல்லாங்குழல். சில மாதம் கழித்து அவளை ஜெயிலுக்கு அனுப்பி, அண்ணன் காலில் விழவும் வைத்தார்கள். பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கூடாது என்று எந்த எபிசோடிலும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தணிக்கை அதிகாரி எதை வெட்டுவார்? மூக்குச் சிரிப்பையா?

வாய்விட்டுச் சொல்லும் போதனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1984-ல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஹம் லோக்' இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாடு போன்ற விஷயங்களைக் கதை வழியாகக் கொண்டுபோகலாம் என்று, மெக்ஸிகோவில் மிகேல் சபிதோ என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் வகுத்த முறையைப் பார்த்து எடுத்த தொடர் அது. நல்ல வழியில் போகிறவர், கெட்ட வழியில் போகிறவர், நடுவில் தடுமாறித் திருந்துகிறவர் என்று பாத்திரங்களைப் பிரித்து, அவரவர் செய்கைக்கு ஏற்ற பலனைக் கதையிலேயே கொடுத்துவிடுவது சபிதோ முறை. தூர்தர்ஷனில் அது போதாதென்று எபிசோட் முடிவில் நடிகர் அசோக் குமாரும் வந்து எடுத்துச் சொல்வார். ஆரம்ப எபிசோடுகளில் பிரசாரம் தூக்கலாக இருக்க, ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் அதைக் குறைத்துக் குடும்பக் கதையைக் கூட்டினார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு கிடந்தால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காகப் படைத்த பாத்திரம், தாய் பகவந்தி. பார்த்தவர்களில் பலர் அவளையே நல்ல பெண்ணுக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1971-ல் வந்த 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற நகைச்சுவைத் தொடர், ஆர்ச்சி பங்கர் என்ற இனவெறி பிடித்த குடும்பத் தலைவரைக் கிண்டல் செய்யப் பிறந்தது. நீல் வித்மார், மில்டன் ரோக்கீச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மனத்தில் இனவெறுப்பு அதிகம் உள்ளவர்கள் ஆர்ச்சியைத் தங்கள் ஆளாகவே பார்த்தார்கள். வாக்குவாதத்தில் கடைசியில் ஜெயிப்பதும் அவர்தான் என்று நம்பினார்கள். ஆக, போன வாரம் எழுதிய வாசகர் ஒரு காட்சியில் எதிர்த்தரப்புப் பிரசாரத்தைப் பார்க்கிறார் என்றால், எதிர்த்தரப்புக்காரர் அதே காட்சியில் இவர் தரப்புப் பிரசாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவருமே பொய் சொல்லவில்லை.

என்னைக் கேட்டால் யாரும் போதிக்காததுதான் ஆழமாக இறங்குகிறது. பிரேசில் தொடர்களின் நாயகிகளுக்குப் பெரும்பாலும் குழந்தை இருக்காது, இருந்தால் ஒன்று. அளவாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அங்கே யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனாலும் அந்த ஒளிபரப்பு எட்டிய ஊர்களில் பிறப்பு விகிதம் குறைந்தது என்று பொருளாதார ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இதை நல்லது என்று சிலர் சொல்லலாம், அது வேறு விவாதம். வழி ஒன்றுதான், அதில் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம்.

சினிமாவுக்கு இருப்பது போல முன்கூட்டியே சான்றிதழ் வாங்கும் ஏற்பாடு நம் தொடர்களுக்கு இல்லை என்பது உண்மை. அது வந்தாலும், கட்சிப் பெயரையும் கெட்ட வார்த்தையையும் மௌனமாக்கிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிடும். அரசோ கட்சிக்காரரோ ஒரு தொடருக்குப் பணம் போட்டிருந்தால் டைட்டிலில் அதைப் படிக்கிற அளவு எழுத்தில் போடச் சொல்லலாம். இது உருப்படியான கோரிக்கை.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் சின்னத்திரைப் பக்கத்தில் டி.ஆர்.பி. பட்டியலும் நடிகைகளின் பேட்டியும் தவறாமல் வருகின்றன. அவ்வப்போது முடிந்துபோன ஒரு தொடரை எடுத்து, வேலைக்குப் போனவள் என்ன ஆனாள், சாதி மாறிக் கட்டியவர்கள் என்ன ஆனார்கள், அடித்த கணவனை மன்னித்தவளுக்கு என்ன கிடைத்தது என்று ஒருவரை எழுதச் சொல்லுங்கள். கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஒரு பின்னணிக் குரல் கலைஞர்
(பெயரை வெளியிட வேண்டாம். இன்னும் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.)