அல்ட்ரா வைட்பேண்ட்: சென்சார்களே உண்மையான சந்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

மிகக் குறுகிய துடிப்புகளை மிக அகன்ற அலைக்கற்றையில் அனுப்பும் அல்ட்ரா வைட்பேண்ட் ரேடியோவின் எதிர்காலத்தைக் கைப்பேசி விற்பனையை மட்டும் வைத்துக் கணிப்பது சரியல்ல. 2002இல் அமெரிக்கா 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையில் இதற்கு அனுமதி அளித்தபோது அதிவேகத் தரவுப் பரிமாற்றத்தையே பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் அதற்கான பொதுத் தரத்தை வகுக்க வேண்டிய குழு இரு அணிகளாகப் பிரிந்து 2006இல் கலைந்தது. சென்சார் வலையமைப்புகளுக்கு முதன்மைத் தேவை வேகமன்று, இடமறிதல். ஒளி ஒரு நானோவினாடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டரே செல்வதால், நானோவினாடி அளவிலான இந்தக் குறுகிய துடிப்புகளின் பயண நேரத்தை அளந்து, கிடங்கில் ஒரு பெட்டி எந்த அடுக்கில் உள்ளது என்பதைச் சுமார் 10 சென்டிமீட்டர் துல்லியத்தில் கண்டறியலாம்; சமிக்ஞை வலிமையை மட்டும் வைத்துக் கணிக்கும் முறைகளுக்கு இது கைகூடாது. துடிப்புகளைப் பெறும் பகுதி மின்கலத்தை அதிகம் உறிஞ்சுவதுதான் இன்னும் தீராத தடை. பல ஆண்டுகள் ஒரே மின்கலத்தில் இயங்க வேண்டிய சென்சார்களுக்கு, சில்லின் விலையைவிட இந்த மின்செலவே சந்தையைத் தீர்மானிக்கும் என நினைக்கிறேன்.

– மின்னணுப் பொறியாளர் ஒருவர்